அழகும் அரணும்

மாணவர் கட்டுரையைத் திருத்தும் ஆசிரியர் இருவகைக் குறைகளைக் காண்கிறார். கையெழுத்தும் பத்தியமைப்பும் சீராக இல்லாமை ஒன்று. கருத்துப் பிழை மற்றொன்று. இரண்டும் திருத்தத்தக்கனவே. ஆயினும் எதற்கு முதலிடம்? கணினி நிரல்களை ஆராய்ந்து திருத்துவோரையும் இவ்வினா நெடுங்காலமாகத் தொடர்ந்து வருகிறது.

கணினியின் உட்கருவாகிய அடிப்படை நிரலைக் ‘கெர்னல்’ என்பர். அச்சுப்பொறி, வலையட்டை முதலிய ஒவ்வொரு கருவியோடும் அது உறவாடுவதற்கு ஓர் இயக்கி நிரல் தேவை. இன்டெல் நிறுவனம் 1972 ஆம் ஆண்டு பாயான் லெப்பாசில் ஆலை தொடங்கியது முதல் பினாங்கு மக்களுக்குச் சில்லு புதிய பொருளன்று. எனினும், சில்லு எத்துணைச் சிறந்ததாயினும் இயக்கி நிரல் பழுதுபட்டால் கணினி முழுவதற்கும் ஊறு நேரும்.

நினைவகத்தில் தரவுக்கென ஒதுக்கப்படும் இடம் வயலைப் போன்றது. வரும் தரவு அவ்விடத்துக்குள் அடங்குமா என்று பார்ப்பதே எல்லைச் சோதனை. அதுவே வயலின் வரப்பு. வரப்பில்லையேல் நீர் அடுத்த வயலில் பாயும். 1960களில் டோனி ஹோர் தம் குழுவினருடன் ஆக்கிய அல்கால் மொழிபெயர்ப்பி ஒவ்வொரு முறையும் இச்சோதனையைச் செய்தது. விரைவுக்காக அதனை நீக்கிக்கொள்ள வசதி வேண்டுமா என்று கேட்டபோது, பயனாளர் ஒருமித்து மறுத்தனர். 1980 ஆம் ஆண்டு தமது தூரிங் விருதுரையில் ஹோர் இதனை நினைவுகூர்ந்தார். ஆனால் 1970களின் தொடக்கத்தில் டென்னிஸ் ரிச்சி உருவாக்கிய ‘சி’ மொழி அப்பொறுப்பை நிரல் எழுதுவோரிடமே விட்டது. கெர்னல்கள் பல அம்மொழியில் எழுந்தன.

விளைவு 1988 நவம்பரில் வெளிப்பட்டது. 512 பைட் கொள்ளும் இடத்தில் மிகுதியான தரவை நிரப்பி, மாரிஸ் புழு ஆயிரக்கணக்கான கணினிகளில் புகுந்தது. இயக்கி நிரல்களிலும் இக்குறை நீடித்தது. 2019 ஆம் ஆண்டு, ரியல்டெக் கம்பியில்லா வலையட்டைக்குரிய லினக்ஸ் இயக்கியில் ஒரு குறை கண்டறியப்பட்டது. இரண்டு பதிவுகளுக்கே இடமிருக்க, வருவன எத்தனை என்று அது பார்க்கவில்லை. அருகிலிருப்போர் அனுப்பும் அலைச்செய்தியே நினைவகத்தைச் சிதைக்க வழியிருந்தது. அதற்கு மருந்தாக அமைந்தவை சில வரிகளே.

அவ்வாறாயின் துப்புரவுப் பணி தீங்கற்றதா? டெபியன் அமைப்பின் வரலாறு எச்சரிக்கை தருகிறது. இரகசியத் திறவுகோல்களை ஆக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் இயக்கி நிரல் அன்று. ஆயினும் அதன் பாடம் பொதுவானது. சோதனைக் கருவி காட்டிய எச்சரிக்கையை அகற்றும் பொருட்டு, 2006 ஆம் ஆண்டு டெபியன் பதிப்பில் சில வரிகள் முடக்கப்பட்டன. நிரல் தூய்மையாகத் தோன்றியது. ஆனால் திறவுகோல்களின் கணிக்கவொண்ணாத் தன்மை அவ்வரிகளோடு போயிற்று. ஒரு வகைக்கு 32,768 என்னும் சிற்றெண்ணிக்கையே எஞ்சியது. 2008 மே மாதம் வரை உலகம் இதனை அறியவில்லை. ஏட்டுச் சுவடிகளைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர், பாட வேறுபாடுகளை மறைக்காது குறிப்பில் காட்டியதன் அருமை இங்கே புலனாகும்.

லினக்ஸ் கெர்னல் வளர்த்தோர் ஒரு நெறியை வகுத்துள்ளனர். ஒரு திருத்தம் ஒரு செயலையே செய்ய வேண்டும். வெளிவந்துவிட்ட பதிப்புகளுக்குச் செல்லும் திருத்தம், சூழவுள்ள வரிகளையும் சேர்த்து 100 வரிகளுக்கு மிகலாகாது. எழுத்துப்பிழை, இடைவெளி முதலிய சில்லறைத் திருத்தங்கள் அதில் கலக்கலாகாது. காரணம் தெளிவு. நூறு வரி அழகுக்கிடையே மறைந்த ஒரு வரி அரணை ஆய்வாளர் காணமாட்டார். பழைய பதிப்புக்கு அதனைப் பெயர்த்தெடுப்பதும் அரிது.

இதனால் துப்புரவு இழிந்ததாகிவிடாது. 2008 முதல் லினக்ஸ், செப்பம் பெறாத இயக்கிகளுக்கெனத் தனிப்பகுதி வைத்து, புதியோரை அங்கே பயிற்றி வருகிறது. தெளிந்த நிரலில் வரப்பில்லாத இடம் எளிதில் கண்ணில் படும். அழகு அரணுக்குத் துணையாவது அவ்வாறே. ஆகவே முதலில் வரப்பை அடைக்க வேண்டும். பின்னர், வேறொரு திருத்தமாக, வயலைச் சீராக்க வேண்டும். ஏட்டைத் திருத்தும் ஆசிரியர்க்கும் எழுதும் மாணவர்க்கும் இவ்வரிசை பொருந்துவதே.