தோழர் சண்முகதாசனும் புத்தூரின் கேள்வியும்

இலங்கையின் இடதுசாரி இயக்க வரலாறு பெரும்பாலும் கொழும்பிலிருந்தே எழுதப்பட்டு வந்திருக்கிறது. அந்த வரலாற்றில் தேர்தல்களும் கூட்டரசாங்கங்களும் அமைச்சர் பதவிகளும் நிறைய இடம்பிடித்துக்கொள்கின்றன. ஒரு தலைவரின் அரசியல் ஒரு கிராமத்துக் கிணற்றடியில், தேநீர்க்கடை வாசலில், சுடலையில் என்ன செய்தது என்று கேட்டுப் பார்ப்போர் குறைவு. நா. சண்முகதாசன் என்ற மனிதரை அந்த இடங்களில் வைத்துப் பார்த்தால்தான் அவர் யார் என்பது விளங்கும் என்று நான் எண்ணுகிறேன். யாழ்ப்பாணக் குடாநாட்டின் புத்தூரை அதற்காகவே எடுத்துக்கொள்கிறேன்.

நாகலிங்கம் சண்முகதாசன் 1920இல் மானிப்பாயில் பிறந்தார். கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரியில் வரலாறு படித்தவர். அக்காலத்தில் அப்படிப் படித்த யாழ்ப்பாணத்து இளைஞனுக்குச் சிவில் சேவை, சட்டத்தரணித் தொழில் என்று பாதைகள் திறந்தே கிடந்தன. அவரோ 1943இல் இலங்கைக் கம்யூனிஸ்ட் கட்சி தொடங்கப்பட்டபோது அதன் முழுநேர ஊழியரானார். தொழிற்சங்கமே அவருடைய களமாயிற்று. இலங்கைத் தொழிற்சங்க சம்மேளனத்தைக் கட்டி வளர்த்தவர்களில் அவர் முதன்மையானவர். 25 சதமாக இருந்த கூப்பன் அரிசியின் விலை 70 சதமாக உயர்த்தப்பட்டதை எதிர்த்து 1953 ஆகஸ்ட் 12ஆம் திகதி நாடே ஸ்தம்பித்த ஹர்த்தால், அந்தத் தலைமுறைத் தொழிற்சங்கவாதிகளின் பெரும் பள்ளிக்கூடம். டட்லி சேனநாயக்க பிரதமர் பதவியை விட்டு விலக நேர்ந்ததும் அதன் பின்னர்தான்.

1963-64இல் உலகக் கம்யூனிஸ்ட் இயக்கம் மொஸ்கோ என்றும் பீக்கிங் என்றும் பிளந்தபோது சண்முகதாசன் பீக்கிங் பக்கம் நின்றார். பாராளுமன்றப் பாதையால் சமூகம் மாறாது என்பதே அவரது வாதம். இந்தப் பிளவு நமது இலக்கிய உலகையும் தொட்டது. 1954இல் தொடங்கிய இலங்கை முற்போக்கு எழுத்தாளர் சங்கத்தில் கே. டானியலும் டொமினிக் ஜீவாவும், யாழ்ப்பாணத்தில் பிறந்த சுபைர் இளங்கீரனும் தோளோடு தோள் நின்றவர்கள். பிளவின்பின் டானியல் சண்முகதாசனோடு சென்றார். ஜீவா மறுபக்கம் நின்றார். ‘பஞ்சமர்’ நாவலை டானியலுக்குத் தந்தது வாசிப்பு மட்டுமல்ல, அவர் இறங்கி வேலை செய்த ஓர் இயக்கமும்தான்.

அந்த இயக்கம் எது? சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் 1957இலேயே வந்துவிட்டது. ஆனால், பத்தாண்டு கழிந்தும் யாழ்ப்பாணத்தில் அது காகிதத்திலேயே கிடந்தது. தாழ்த்தப்பட்டோர் என்று ஒதுக்கப்பட்டவர்களுக்குத் தேநீர்க்கடையில் இருக்கை இல்லை. தேநீர் போத்தலிலோ தகரப் பேணியிலோ கொடுக்கப்பட்டது. பொதுக் கிணற்றில் வாளியைத் தொட உரிமையில்லை. யாராவது அள்ளி ஊற்றும்வரை குடத்தோடு காத்து நிற்கவேண்டும். கோயில் வாசல் மூடியே இருந்தது. புத்தூரில் நிலாவரைக் கிணறு உண்டு. வற்றாத ஊற்று என்று பாடநூல்கள் சொல்லும், இராமர் அம்பெய்தது என்று ஐதீகம் சொல்லும். குடிநீருக்கே சாதி பார்த்த குடாநாட்டின் ஓர் ஊரில்தான் அந்த வற்றாத கிணறும் இருந்தது. சைவப் பாடசாலைகள் கதவடைத்த பிள்ளைகளுக்கெனப் பௌத்தப் பெயரில் பாடசாலை திறக்கப்பட்ட ஊர்களிலும் புத்தூர் ஒன்று. எழுத்தறிவுக்காக மதத்தின் வாசலையே மாற்றவேண்டியிருந்த நிலை அது.

1966 அக்டோபர் 21ஆம் திகதி சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கி ஓர் ஊர்வலம் புறப்பட்டது. சாதி அமைப்புத் தகரட்டும், சமத்துவ நீதி ஓங்கட்டும் என்பது அதன் முழக்கம். முன்னணியில் நின்றவர் கே.ஏ. சுப்பிரமணியம். பொலிசார் தடியடி நடத்தினர், ஊர்வலம் கலையவில்லை. மாலையில் யாழ். முற்றவெளிக் கூட்டத்தில் சண்முகதாசன் பேசினார். அன்று தமிழரசுக் கட்சி டட்லியின் ‘தேசிய அரசாங்கத்தில்’ பங்காளி என்பதையும் இங்கே நினைவிற் கொள்ளவேண்டும். தமிழருக்கு உரிமை கேட்டவர்கள் தமிழருக்குள்ளேயே உரிமை கேட்டவர்களின் பக்கம் உறுதியாக நிற்கவில்லை. அடுத்த ஆண்டு தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கம் உருவாயிற்று. சங்கானையில் தேநீர்க்கடைப் பிரவேசம் இரத்தம் சிந்திய போராட்டமாயிற்று. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில், ஒக்ஸ்ஃபோர்டில் படித்த கணிதப் பேராசிரியர் சி. சுந்தரலிங்கம் குறுக்கே நின்றார். கல்வி மட்டுமே மனிதனை மாற்றிவிடும் என்று நம்புகிறவர்கள் இந்தக் காட்சியைச் சற்று யோசிக்கவேண்டும்.

இவ்வளவும் சொன்ன பிறகு சண்முகதாசனின் தோல்விகளையும் சொல்லத்தான் வேண்டும். 1971 ஏப்ரல் கிளர்ச்சியை நடத்திய ரோகண விஜேவீர ஒருகாலத்தில் அவருடைய கட்சியில் இருந்து வெளியேற்றப்பட்டவர். கிளர்ச்சியைச் சண்முகதாசன் ஏற்கவில்லை. ஆயினும் அரசாங்கம் அவரையும் சிறையில் அடைத்தது. அவர் சிறையிலிருந்த அதே காலத்தில், சூ என்லாய் சிறிமாவோ அரசாங்கத்துக்கு ஆதரவுக் கடிதம் எழுதினார். சீனா கடனும் கொடுத்தது. எந்த நாட்டுக்காக நண்பர்களை இழந்தாரோ அந்த நாடு அவரைச் சிறைவைத்த அரசின் தோளில் கைபோட்டது. இலங்கை வரலாற்றை மார்க்சியக் கண்ணால் பார்க்கும் நூலொன்றை அவர் எழுதியது அந்தச் சிறையில்தான்.

அதைவிடப் பெரிய தோல்வி வேறொன்று. சாதிக்கெதிராக இளைஞரைத் திரட்டிய இயக்கம், எழுபதுகளில் அதே இளைஞரின் மனத்தில் எழுந்த இன உரிமைக் கோபத்துக்குத் தக்க பதிலைத் தக்க நேரத்தில் சொல்லவில்லை. 1977 தேர்தலில் தமிழர் விடுதலைக் கூட்டணி வடக்கின் 14 தொகுதிகளையும் வென்றது. மறு ஆண்டு கட்சியும் பிளந்து கே.ஏ. சுப்பிரமணியம் முதலானோர் தனிவழி சென்றனர். மாஓவுக்குப் பின்வந்த சீனத்தையும் சண்முகதாசன் நிராகரித்தார். மனம் வருந்தாத ஒரு கம்யூனிஸ்டின் அரசியல் நினைவுகள் என்று பொருள்படும் தலைப்பில் 1989இல் ஆங்கிலத்தில் சுயசரிதை எழுதினார். 1993இல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரில் காலமானார்.

அத்தோடு கதை முடிந்ததென்றால் அவர் நூலகத்துக்குரியவர் ஆகியிருப்பார். ஆனால் 2017இல் புத்தூர் மேற்கிலுள்ள கலைமதி கிராமத்து மக்கள் சத்தியாக்கிரகத்தில் அமர்ந்தார்கள். குடிமனைகளுக்கு நடுவே இருக்கும் கிந்துசிட்டி மயானத்தில் பிணம் எரிக்காதே என்பதே கோரிக்கை. வாரக்கணக்கில் அது தொடர்ந்தது, கைதுகளும் நடந்தன. சுடலைப் புகை யாருடைய அடுப்படிக்குள் போகலாம் என்பதை முடிவுசெய்வது யார் என்பதுதான் அங்கே எழுந்த கேள்வி. சாதி என்ற சொல்லை உச்சரிக்க விரும்பாதவர்கள் இதனை வெறும் மயானப் பிரச்சினை என்றார்கள். அந்த மக்களோடு நின்றது சி.கா. செந்திவேல் தலைமையிலான புதிய ஜனநாயக மார்க்சிச லெனினிசக் கட்சி. 1966 அக்டோபர் ஊர்வலத்தின் வழிவந்த கட்சி அது.

இறந்தவரின் உடலை எங்கே, எப்படி அடக்குவது என்பது அதிகாரத்தின் கேள்வியாக மாறும்போது எவ்வளவு வலிக்கும் என்பதை 2020இல் கொவிட் ஜனாஸாக்கள் எரிக்கப்பட்டபோது நம் சமூகம் அனுபவித்து அறிந்தது. ஆகையால் கலைமதி மக்களின் வலி நமக்கு அந்நியமானதல்ல.

சண்முகதாசன் பாராளுமன்ற ஆசனம் எதையும் விட்டுச் செல்லவில்லை. அவர் நம்பிய சீனமும் இன்றில்லை. எஞ்சியிருப்பது ஒரு பழக்கம்: அநீதியை விதியென்று சொல்லி வீட்டுக்குள் இருக்காமல், அயலவரையும் கூட்டிக்கொண்டு வீதியில் வந்து உட்காரும் பழக்கம். புத்தூர் அதை மறக்கவில்லை. அவரை மதிப்பிட விரும்புகிறவர்கள் வாக்கு எண்ணிக்கையைப் பார்ப்பதோடு நின்றுவிடாமல், கலைமதிக்கும் ஒருமுறை போய்வருவது நல்லது.