கணினி வன்பொருள் கண்காணிப்பு, திறன்சோதனை மென்பொருள்களின் வரலாறு

கணினியின் உறுப்புகள் எவ்வளவு சூடாக உள்ளன, எந்த மின்னழுத்தத்தில் இயங்குகின்றன, விசிறிகள் எவ்வளவு வேகமாகச் சுழல்கின்றன என்பனவற்றைக் காட்டுபவை வன்பொருள் கண்காணிப்பு மென்பொருள்கள் ஆகும். ஒரு கணினி குறிப்பிட்ட வேலையை எவ்வளவு விரைவாக முடிக்கிறது என்று அளந்து மதிப்பெண் வழங்குபவை திறன்சோதனை மென்பொருள்கள் ஆகும். முன்னதை உடல்வெப்பமானிக்கும் பின்னதைப் பள்ளித் தேர்வுக்கும் ஒப்பிடலாம். இரண்டும் தருவது எண்களையே. அந்த எண் எவ்வாறு பெறப்பட்டது என்று அறியாதவர் நல்ல கணினியைப் பழுது என்று ஒதுக்கிவிடலாம். பழுதாகப்போகும் வன்தட்டை நம்பித் தம் கோப்புகளை இழக்கவும் நேரலாம். ஆகவே இம்மென்பொருள்களின் வரலாற்றோடு, அவை தரும் எண்களைச் சரியாகப் படிக்கக் கற்றுக்கொண்ட வரலாற்றையும் சேர்த்தே அறிய வேண்டும்.

தொடக்ககாலத் திறன்சோதனைகள்

பெருங்கணினிகள் மிகுந்த விலைக்கு விற்கப்பட்ட காலத்தில், எந்தக் கணினியை வாங்குவது என்ற கேள்வியே திறன்சோதனைகளுக்கு வழிவகுத்தது. பிரித்தானிய அரசின் கணினிக் கொள்முதல் அமைப்பைச் சேர்ந்த ஹரோல்ட் கர்னோ, தேசிய இயற்பியல் ஆய்வகத்தைச் சேர்ந்த பிரையன் விச்மனின் ஆய்வை அடிப்படையாகக் கொண்டு 1972இல் 'வெட்ஸ்டோன்' என்னும் சோதனை நிரலை எழுதினார். அறிவியல் கணக்கீடுகளில் எவ்வகைக் கட்டளைகள் எவ்வளவு அடிக்கடி வருகின்றன என்று ஆராய்ந்து, அதே விகிதத்தில் அவற்றைக் கலந்து அமைத்த செயற்கை நிரல் இது. இங்கிலாந்தின் லெஸ்டர்சயர் பகுதியிலுள்ள வெட்ஸ்டோன் என்ற ஊரில் உருவான நிரல்பெயர்ப்பியின் வழியாக இதற்கு இப்பெயர் வந்தது.

வெட்ஸ்டோன் பெரும்பாலும் தசமப் புள்ளி கொண்ட எண்களின் கணக்கை அளந்தது. முழு எண்களையும் எழுத்துச் சரங்களையும் கையாளும் திறனை அளக்க 1984இல் ரைன்ஹோல்ட் வைக்கர் 'டிரைஸ்டோன்' சோதனையை உருவாக்கினார். 'வெட்' என்னும் ஒலிக்கு ஆங்கிலத்தில் ஈரம் என்ற பொருளும் உண்டு என்பதால், உலர்ந்தது என்று பொருள்படும் 'டிரை' என்னும் சொல்லை வேடிக்கையாகச் சேர்த்து இப்பெயர் அமைந்தது. நொடிக்கு 1757 டிரைஸ்டோன் சுற்றுகளை முடித்த வாக்ஸ் 11/780 கணினியை ஓர் அலகாகக் கொண்டு பிற கணினிகள் ஒப்பிடப்பட்டன.

வினாத்தாள் முன்பே தெரிந்த தேர்வு

டிரைஸ்டோன் மிகச் சிறிய நிரல். நிரல்பெயர்ப்பியைச் சற்று மாற்றியமைத்தே மதிப்பெண்ணைக் கூட்டிவிட முடிந்தது. இந்நிலையை மாற்ற, 1988இல் கணினி நிறுவனங்கள் சில சேர்ந்து 'ஸ்பெக்' என்னும் கூட்டமைப்பைத் தொடங்கின. செயற்கை நிரல்களுக்கு மாற்றாக, நடைமுறையில் பயன்படும் நிரல்கள் பத்தைக் கொண்டு இதன் முதல் தொகுப்பு 1989இல் வெளிவந்தது.

இத்தொகுப்பிலும் ஓர் ஓட்டை இருந்தது. அணிகளைப் பெருக்கும் 'மேட்ரிக்ஸ்300' என்ற நிரலை, கணக்கின் வரிசையைத் திருத்தியமைக்கும் புதிய நிரல்பெயர்ப்பிகள் பலமடங்கு வேகமாக முடித்தன. வன்பொருள் மாறாமலே மொத்த மதிப்பெண் உயர்ந்தது. எனவே 1992ஆம் ஆண்டுத் தொகுப்பிலிருந்து அந்நிரல் நீக்கப்பட்டது.

இதே சிக்கல் 2003இல் வரைகலை அட்டைகளிலும் எழுந்தது. பின்லாந்தின் பியூச்சர்மார்க் நிறுவனம் வெளியிட்ட '3டிமார்க்03' சோதனையில் காட்சிகள் எப்போதும் ஒரே பாதையில் நகரும். என்விடியா நிறுவனத்தின் இயக்கி மென்பொருள் இச்சோதனையை அடையாளம் கண்டு, திரையில் தெரியாத பகுதிகளை வரையாமல் விட்டதாகப் பியூச்சர்மார்க் அறிவித்தது. அடையாளம் காண முடியாதவாறு சோதனை திருத்தப்பட்டபோது, ஓர் அட்டையின் மதிப்பெண் சுமார் 24 விழுக்காடு குறைந்தது. அடுத்த மாதம் இரு நிறுவனங்களும் கூட்டறிக்கை வெளியிட்டன. அதில் இது ஏமாற்று அன்று, குறிப்பிட்ட மென்பொருளுக்கான சீரமைப்பு என்று கூறப்பட்டது. 2013இல் சாம்சங் கேலக்சி எஸ்4 கைப்பேசியின் ஒரு வகை, சில திறன்சோதனைகளின்போது மட்டும் வரைகலைச் செயலியை 533 மெகாஹெர்ட்சில் இயக்கியதும், விளையாட்டுகளின்போது 480 மெகாஹெர்ட்சில் நிறுத்திக்கொண்டதும் வெளிப்பட்டன.

வினாத்தாள் முன்பே தெரிந்த தேர்வில் மாணவர் பெறும் மதிப்பெண் அவருடைய அறிவைக் காட்டாது. மேற்கண்ட நிகழ்வுகள் அனைத்தும் இந்த ஒரே பாடத்தையே கற்பிக்கின்றன.

கண்காணிப்பு மென்பொருள்களின் வருகை

1990களில் தாய்ப்பலகைகளில் உணரிச் சில்லுகள் பொருத்தப்படத் தொடங்கின. நேஷனல் செமிகண்டக்டர் நிறுவனத்தின் எல்எம்78 அவற்றுள் புகழ்பெற்றது. ஒரு வெப்பநிலை, ஏழு மின்னழுத்தங்கள், மூன்று விசிறிகளின் வேகம் ஆகியவற்றை இச்சில்லு அளந்தது. அதன் அளவீடுகளைத் திரையில் காட்ட, விண்டோசில் 'மதர்போர்டு மானிட்டர்', லினக்சில் 'எல்எம் சென்சார்ஸ்' போன்ற மென்பொருள்கள் தோன்றின. இவற்றுள் மதர்போர்டு மானிட்டரின் உருவாக்கம் 2004இல் நிறுத்தப்பட்டது. பின்னர் ஸ்பீட்ஃபேன், எச்டபிள்யூமானிட்டர், எச்டபிள்யூஇன்ஃபோ முதலியன பரவலாயின.

ஒரே சில்லை வெவ்வேறு நிறுவனங்கள் தம் தாய்ப்பலகைகளில் வெவ்வேறு விதமாக இணைத்தன. இதனால் ஒரு பலகையில் சரியாக இருந்த கணக்கு மற்றொன்றில் பிழையாயிற்று. சில சமயம் அளக்கும் முயற்சியே தீங்கும் செய்தது. 2000ஆம் ஆண்டை ஒட்டி, சில ஐபிஎம் திங்க்பேட் மடிக்கணினிகளில் எல்எம் சென்சார்ஸ் உணரிகளைத் தேடியபோது, அங்கிருந்த ஒரு நினைவகச் சில்லு அத்தேடலை எழுதும் கட்டளையாக எடுத்துக்கொண்டது. அதன் தரவு சிதைந்து கணினி தொடங்க இயலாமல் போனது. அதன்பின் ஐபிஎம் கணினிகளில் அத்தேடலைத் தடுக்கும் பாதுகாப்பு சேர்க்கப்பட்டது.

தவறாகப் படிக்கப்படும் எண்கள்

தொழில்நுட்ப உதவி நாடுவோர் கேட்கும் கேள்விகளில் பல, வன்பொருள் பழுதைவிட எண்ணைத் தவறாகப் புரிந்துகொண்டதால் எழுபவை. சில எடுத்துக்காட்டுகள்:

127 பாகை: உணரி எதுவும் இணைக்கப்படாத இடத்தை மென்பொருள் படித்தால் 127 அல்லது −128 பாகை செல்சியசு என்று காட்டக்கூடும். எட்டு இருமக் குறிகளில் எழுதக்கூடிய மிகப்பெரிய எண் 127, மிகச்சிறிய எண் −128 என்பதே காரணம். ஒருபோதும் மாறாமல் நிற்கும் இவ்வெண் வெப்பநிலை ஆகாது.

எஞ்சிய தொலைவு: இன்டெல் கோர் வகைச் செயலிகளில் உள்ள உணரி, வெப்பநிலையை நேரடியாகத் தருவதில்லை. உச்ச வரம்பை எட்ட இன்னும் எத்தனை பாகை உள்ளது என்பதையே தருகிறது. எச்சம் 40 எனில், வரம்பை 100 என்று கொண்டால் விடை 60. 85 என்று கொண்டால் விடை 45. வரம்பைத் தவறாகக் கொண்ட மென்பொருள் விடையையும் தவறாகவே தரும்.

கூட்டப்பட்ட 20 பாகை: 2017இல் வெளிவந்த ஏஎம்டி ரைசன் 1700எக்ஸ், 1800எக்ஸ் செயலிகள், விசிறிகளைச் சீராகக் கட்டுப்படுத்துவதற்காக உண்மை வெப்பநிலையுடன் 20 பாகையைக் கூட்டித் தெரிவித்தன. திரையில் 60 என்று கண்டவரின் செயலி உண்மையில் 40 பாகையிலேயே இருந்தது.

அச்சம் தேவையில்லாத இடங்கள் இவை. மாறாக, அமைதியாக இருந்துவிடக் கூடாத இடம் வன்தட்டு. 1990களில் உருவான 'ஸ்மார்ட்' என்னும் தன்கண்காணிப்பு முறை, வன்தட்டின் பிழைகளைத் தானே எண்ணி வைக்கிறது. கூகுள் ஆய்வாளர்கள் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட வன்தட்டுகளை ஆராய்ந்து 2007இல் வெளியிட்ட கட்டுரை இரு முடிவுகளைத் தந்தது. முதல் வருடுபிழை தோன்றிய வன்தட்டு, அத்தகைய பிழையற்ற வன்தட்டைவிட அடுத்த 60 நாள்களுக்குள் பழுதடையும் வாய்ப்பு 39 மடங்கு அதிகம். அதே சமயம், பழுதடைந்தவற்றில் 56 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவை நான்கு முதன்மை அறிகுறிகளில் ஒன்றையும் காட்டவில்லை. எச்சரிக்கை வந்தால் உடனே படியெடுக்க வேண்டும்; வராவிட்டாலும் படியெடுத்தே வைத்திருக்க வேண்டும்.

உதவி கேட்கும் முறை

பிழையான அளவீட்டைப் பற்றி உதவி கேட்பவர் தாய்ப்பலகை, செயலி ஆகியவற்றின் மாதிரிப் பெயர், மென்பொருளின் பதிப்பு எண், இயக்கு தளத்தின் பெயர் ஆகியவற்றுடன் மென்பொருள் உருவாக்கித் தரும் பதிவுக் கோப்பையும் அளிக்க வேண்டும். இரண்டு கண்காணிப்பு மென்பொருள்கள் ஒரே நேரத்தில் ஒரே சில்லைப் படித்தால் அளவீடுகள் குழம்பக்கூடும் என்பதால், ஒன்றை மூடிவிட்டு மீண்டும் பார்க்க வேண்டும். அளவீட்டைத் தாய்ப்பலகையின் பயோஸ் திரையில் தெரியும் எண்ணுடன் ஒப்பிடுவதும் பயன்தரும். திறன்சோதனையாயின், பிற மென்பொருள்களை மூடி, ஒரே நிலையில் பலமுறை இயக்கி முடிவுகளை ஒப்பிட வேண்டும்.

ஐம்பது ஆண்டுகளுக்கு முன் கொள்முதல் அலுவலர் ஒருவரின் தேவையாகத் தொடங்கிய இச்சோதனைகள் இன்று ஒவ்வொருவர் கைப்பேசியிலும் இயங்குகின்றன. என்ன அளக்கப்பட்டது, யார் அளந்தார், எதனோடு ஒப்பிட்டார் என்னும் மூன்று கேள்விகளை அன்று கேட்க வேண்டியிருந்தது போலவே இன்றும் கேட்க வேண்டியுள்ளது.