கொடிகாமத்துப் புகையிரதப் படங்கள்

புகையிரதங்களைப் படம்பிடித்தலை வெறும் பொழுதுபோக்கென ஒதுக்குவோர் உளர். இங்கிலாந்தில் 1897ஆம் ஆண்டிலேயே புகையிரத ஆர்வலர்க்கெனத் திங்களிதழ் ஒன்று தோன்றியது. அவ்வார்வம் வரலாற்றுக்கு ஆற்றக்கூடிய பணி யாதென்பதை நமக்குக் கொடிகாமம் உணர்த்துகின்றது.

காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்குமிடையே 1902இல் புகையிரதம் ஓடத் தொடங்கியது. 1905இல் வடபாதை முற்றுப்பெறவே, கொடிகாமம் கொழும்புடன் இணைந்தது. பருத்தித்துறையிலிருந்து வரும் வீதி கண்டி வீதியைச் சந்திக்கும் இடமாதலின், வடமராட்சி மக்களுக்கும் இந்நிலையம் பயன்பட்டது. 1956இல் யாழ்தேவி இவ்வழியே ஓடத் தொடங்கிற்று. 1990இல் போரினாற் சேவை நின்றது. பின்னர்த் தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டன. சிலிப்பர்க் கட்டைகள் பதுங்குகுழிகளுக்குப் பயன்பட்டன. 2014இல் யாழ்ப்பாணத்துக்கு மீண்டும் புகையிரதம் வரும்வரை, 24 ஆண்டுகள், ஒரு தலைமுறை அதனை இங்குக் காணாதே வளர்ந்தது.

பெயர்க்கப்பட்ட பாதைக்குச் சான்று யாது? நேரசூசி வண்டி வந்த வேளையைக் கூறும். கைகாட்டி மரம் நின்ற இடத்தையும் மேடையில் நின்றோரின் கோலத்தையும் படமே காட்டும். ஆயினும், இயந்திரத்தை மட்டும் நாடுவோர் மாந்தரைச் சட்டகத்துக்கு வெளியே விட்டுவிடுகின்றனர். இடமும் நாளும் குறிக்கத் தவறுகின்றனர். அத்தகைய படம் எழுத்துச் சிதைந்த கல்வெட்டை ஒக்கும்.

ஆதலின், இனிப் படம்பிடிக்கும் மாணவர் இயந்திரத்தோடு பயணியையும், சந்தைக்குச் செல்லும் தேங்காய் மூட்டையையும் சேர்த்துப் பிடிப்பாராக. நாளும் இடமும் பதிவாராக. இரும்புப் பாதையும் ஒருநாள் இல்லாதொழியும் என்பதைக் கொடிகாமம் கண்டிருக்கின்றது.