விடுமுறைக் குடியேற்றங்கள்: சிறுவர் முகாமின் ஐரோப்பிய வரலாறு

கோடை விடுமுறையில் சிறுவர்களை வீட்டிலிருந்து அழைத்துச் சென்று, சில நாட்களோ சில வாரங்களோ ஓரிடத்தில் ஒன்றாகத் தங்கவைத்து, உணவும் விளையாட்டும் பாட்டும் போதனையும் அளிக்கும் முகாம்களை நமது திருச்சபைகள் நன்கு அறியும். விடுமுறை வேதாகமப் பள்ளியோடு இவற்றைச் சேர்த்து எண்ணுவது நம்மிடையே வழக்கம். வரலாற்றை நோக்கினால் இவ்விரண்டும் வெவ்வேறு ஊற்றுகளினின்று பிறந்தவை. விடுமுறை வேதாகமப் பள்ளி 1898ஐ ஒட்டி நியூயார்க் நகரின் நெருக்கமான தெருக்களில் தோன்றியது. அதில் பயிலும் பிள்ளை அன்றன்றே வீடு திரும்பும். முகாமோ பிள்ளையைப் பெற்றோரிடமிருந்து பிரித்து, வேறொருவர் பொறுப்பில் இரவும் பகலும் வைக்கிறது. முகாமின் ஆற்றலும் ஆபத்தும் இப்பிரிவில்தான் அடங்கியுள்ளன என்பது நம் கருத்து. ஐரோப்பாவில் இதனைத் தொடங்கிவைத்தோருள் முதன்மையானவர் ஒரு சீர்திருத்தச் சபைப் போதகராதலால், அவரிடமிருந்து இவ்வரலாற்றைத் தொடங்குவோம்.

வால்டர் பியோன் 1830ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்து நாட்டில் பிறந்தவர். அப்பென்செல் மலைப்பகுதியிலுள்ள திரோகன் என்னும் ஊரில் குருத்துவப் பணியாற்றிய பின், 1873இல் சூரிச் நகரின் பிரெடிகர் ஆலயத்திற்கு மாற்றப்பட்டார். அக்காலத்துச் சூரிச் தொழிற்சாலைகளால் விரைந்து பெருகிக்கொண்டிருந்த நகரம். ஒரே அறையில் ஒரு குடும்பம் முழுவதும் வாழ்வதும், பிள்ளைகள் வெளிறிய முகத்தோடும் மெலிந்த உடலோடும் பள்ளிக்கு வருவதும் அங்கே அன்றாடக் காட்சிகள். பதினான்கு வயதுக்குட்பட்ட சிறுவர்கள் ஆலைகளில் வேலை செய்யக்கூடாது என்னும் சட்டம் அந்நாட்டில் 1877இல்தான் இயற்றப்பட்டது என்பதை இங்கு நினைவிற்கொள்ள வேண்டும். மலையூரில் நலமாயிருந்த தம் சொந்தப் பிள்ளைகளே நகரக் காற்றில் வாடுவதையும், விடுமுறையில் மீண்டும் மலைக்குச் சென்றபோது தேறிவருவதையும் பியோன் கண்டார். போதகரின் பிள்ளைகளுக்குச் செல்ல ஓர் ஊர் இருந்தது. அவருடைய சபையின் ஏழைப் பிள்ளைகளுக்கோ அது இல்லை. நகரத்தாரிடம் நன்கொடை வேண்டி, 1876ஆம் ஆண்டு கோடையில் 68 பிள்ளைகளை ஆசிரியர்களின் துணையோடு அப்பென்செல் மலைகளுக்கு அனுப்பிவைத்தார். இம்முயற்சிக்கு அவர் இட்ட பெயர் ‘ஃபெரியன்கொலோனி’. விடுமுறைக் குடியேற்றம் என்று நாம் அதனைத் தமிழில் சொல்லலாம்.

இதில் நாம் கவனிக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. பியோன் இதனை மருத்துவமனையாகவும் அமைக்கவில்லை, ஞாயிறு பள்ளியின் நீட்சியாகவும் அமைக்கவில்லை. பிள்ளைகளைச் சிறு குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவையும் ஓர் ஆசிரியர் அல்லது ஆசிரியையின் பொறுப்பில் விட்டார். அவர்கள் பிள்ளைகளோடு உண்டு, உறங்கி, மலைப்பாதைகளில் அவர்களோடு நடந்தனர். பால், ரொட்டி, நல்ல காற்று, நீண்ட நடை, மாலையில் பாட்டு ஆகியவையே அவர்களுடைய நாளின் ஒழுங்கு. இவற்றுள் பல இன்றும் உலகெங்கும் முகாம்களில் மரபாகத் தொடர்கின்றன. பகலுணவுக்குப் பின் ஓய்வு நேரம், வீட்டிற்குக் கடிதம் எழுதும் நாள், கடைசி இரவின் நிகழ்ச்சி என முகாமுக்குச் சென்ற எவருக்கும் இம்மரபுகள் தெரிந்திருக்கும். மலைக்குச் செல்ல இடம் கிடைக்காத பிள்ளைகளுக்காக நகரத்திலேயே நாள்தோறும் பால் கொடுத்து, வெளியே நடக்க அழைத்துச் செல்லும் ஏற்பாடும் பின்னர் உருவாயிற்று. பார்க்கப்போனால் இவ்விரண்டாவது ஏற்பாடே எளியது. பிள்ளையை வீட்டிலிருந்து பிரிக்காதது. ஆயினும் வரலாற்றாசிரியர்களின் கண்ணில் அது அதிகம் படவில்லை.

பியோனின் முயற்சி சில ஆண்டுகளிலேயே எல்லை கடந்தது. ஃபிராங்ஃபர்ட் நகரில் மருத்துவர் கேயார்க் வாரென்திராப் 1878இல் இதனைத் தொடங்கினார். ஸ்பெயின் நாட்டில் கல்வியாளர் கோசியோ 1887இல் மாட்ரிட் நகரப் பள்ளிச் சிறுவர்களைச் சான் விசெந்தே தெ லா பார்க்கேரா என்னும் கடற்கரை ஊருக்கு அழைத்துச் சென்றார். பிரான்சில் இருவேறு வழிகள் தோன்றின. போதகர் லோரியோவும் அவர் மனைவி சுசானும் 1881இல் தொடங்கிய ‘மூன்று வாரப் பணி’ பாரிஸ் புறநகர்ப் பிள்ளைகளைக் கிராமத்துக் குடும்பங்களின் வீடுகளில் தங்கவைத்தது. எதுமோன் கொத்தினே என்பவரோ 1883இல் பாரிஸ் நகரின் ஒன்பதாம் வட்டாரப் பள்ளி நிதியின் சார்பாகப் பிள்ளைகளை ஒரே கூட்டமாக, ஆசிரியரின் மேற்பார்வையில் வைத்தார். குடும்பமா, கூட்டமா என்னும் வாதம் பிரான்சில் நெடுங்காலம் நடந்தது. குடும்பத்தில் தங்கும் பிள்ளைக்கு ஒரு தாயின் கவனிப்புக் கிடைக்கும் என்றனர் ஒரு சாரார். குடியானவன் அப்பிள்ளையை மாடு மேய்க்க அனுப்பிவிடுவான், யார் பார்ப்பது என்றனர் மறு சாரார். இரு கூற்றிலும் உண்மை இருந்தது. நாளடைவில் கூட்டமுறையே வென்றது. மேற்பார்வை எளிது, கணக்கு எளிது என்பவையும் அதன் வெற்றிக்குக் காரணங்கள் எனலாம்.

கணக்கு என்றோம். இவ்வரலாற்றில் தராசுக்குத் தனி இடமுண்டு. பிள்ளை புறப்படும் நாளில் அதன் எடையைக் குறித்து, திரும்பிவரும் நாளில் மீண்டும் எடைபோடுவது விடுமுறைக் குடியேற்றங்களின் நிலையான சடங்காயிற்று. கொத்தினே எடையோடு உயரத்தையும் மார்பின் சுற்றளவையும் அளந்து அட்டவணையாக்கினார். நன்கொடையாளருக்குக் காட்ட இதைவிடத் தெளிவான சான்று வேறில்லை. ஒரு பிள்ளையின் மகிழ்ச்சியை எவ்வாறு அறிக்கையில் எழுதுவது? இரண்டு கிலோ கூடியது என்று எழுதலாம். காசநோயின் கிருமியை ராபர்ட் கோக் 1882இல் கண்டறிந்து அறிவித்த பின் மருத்துவரின் சொல்லுக்கு மதிப்பு மேலும் உயர்ந்தது. தராசின் மதிப்பும் உடன் உயர்ந்தது. பசித்த பிள்ளைக்கு எடை கூடுவது நல்லதே. அதனை எவரும் பழிக்க முடியாது. ஆனால் அன்பின் விளைவை அளக்க வந்த கருவி, மெல்ல மெல்ல அன்பின் இடத்திலேயே அமரத் தொடங்கியது.

அமெரிக்காவைப் பற்றி இங்குச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பென்சில்வேனியா மாநிலத்தின் ஷெர்மன் என்னும் சிற்றூரில் வில்லர்ட் பார்சன்ஸ் என்னும் போதகர் 1877இல் நியூயார்க் நகரத்து ஏழைப் பிள்ளைகளைத் தம் சபையார் வீடுகளில் விருந்தினராக ஏற்கச் செய்தார். அது பியோனின் பணிக்கு உடன்பிறப்புப் போன்றது. ஆனால் அங்கே வேறொரு மரபும் வளர்ந்தது. எர்னஸ்ட் பால்ச் 1881இல் நியூ ஹாம்ப்ஷயரில் அமைத்த சொக்கோருவா முகாம் செல்வர் வீட்டுச் சிறுவர்களுக்கானது. வேலையாட்களின் கையில் வளர்ந்தவர்கள் தாமே சமைக்கவும் பாத்திரம் கழுவவும் கற்க வேண்டும் என்பது அவர் நோக்கம். 1885இல் வாலிபர் கிறிஸ்தவ சங்கத்தின் சார்பில் சம்னர் டட்லி ஏழு சிறுவரோடு ஓர் ஏரிக்கரையில் முகாமிட்டார். அவர் பெயரால் இன்றும் அம்முகாம் நடக்கிறது. ஏழைப் பிள்ளைக்கு உணவு, செல்வப் பிள்ளைக்கு உழைப்பு: ஒரே கோடையில் இருவேறு மருந்துகள்!

இருபதாம் நூற்றாண்டில் அரசுகள் இம்முகாம்களின் பயனைக் கண்டுகொண்டன. கிரிமியாவில் 1925இல் செஞ்சிலுவைச் சங்கத்தின் மருத்துவர் சொலொவியோவ் தொடங்கிய ஆர்த்தெக் முகாம், முதலில் காசநோய் அச்சமுள்ள 80 பிள்ளைகளுக்கான கூடாரங்களே. விரைவில் அது சோவியத்துச் சிறுவர் அமைப்பான பயனியர்களின் பெருமைச் சின்னமாயிற்று. இத்தாலியின் பாசிச அரசு கடற்கரைகளில் கப்பல் வடிவிலும் கோபுர வடிவிலும் பிள்ளைகளுக்கான பெருங்கட்டடங்களை எழுப்பி, அணிவகுப்பையும் கொடி வணக்கத்தையும் அன்றாட ஒழுங்காக்கிற்று. ஜெர்மனியில் பிள்ளைகளை நாட்டுப்புறத்திற்கு அனுப்பும் பழைய அறப்பணியை 1933க்குப் பின் தேசிய சோசலிசக் கட்சியின் அமைப்புகள் தம் கையில் எடுத்துக்கொண்டன. 1940 முதல் குண்டுவீச்சைக் காரணங்காட்டி மிகப் பெரும் எண்ணிக்கையில் பிள்ளைகள் முகாம்களுக்கு அனுப்பப்பட்டனர். அங்கே பெற்றோரின் வருகை விரும்பப்படவில்லை. திருச்சபையின் சமயபோதனைக்கும் தடைகள் எழுந்தன. பியோன் வகுத்த ஒழுங்கில் எதையும் இவர்கள் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை என்பதே நம்மைச் சிந்திக்க வைக்கிறது. நல்ல காற்று, நடை, பாட்டு, எடை யாவும் அப்படியே இருந்தன. பெற்றோருக்கும் பிள்ளைக்கும் இடையே நின்றவர் யார் என்பதே மாறியிருந்தது.

போருக்குப் பின் இந்நிலை முற்றும் மாறிற்று என்று எண்ண இடமில்லை. மேற்கு ஜெர்மனியில் 1950கள் முதல் 1980கள் வரை இலட்சக்கணக்கான பிள்ளைகள், பள்ளிக்குச் செல்லும் வயதடையாதோர் உட்பட, உடல்நலம் தேற்றும் இல்லங்களுக்குப் பெரும்பாலும் ஆறு வாரங்களுக்குத் தனியே அனுப்பப்பட்டனர். இவ்வில்லங்களுள் சில அரசு சார்ந்தவை; சில தனியாருடையவை; கத்தோலிக்க, சீர்திருத்தத் திருச்சபைகளின் நிறுவனங்கள் நடத்தியவையும் பல. எடை கூட வேண்டும் என்பதற்காக உண்ண மறுத்த பிள்ளையை உண்ணும்வரை மேசையில் உட்காரவைத்ததையும், வாந்தியெடுத்ததையே மீண்டும் உண்ணச் செய்ததையும், இரவில் கழிப்பறைக்குச் செல்லத் தடுத்ததையும், வீட்டிற்கு எழுதிய கடிதங்களைப் படித்து அழுகைச் சொற்களை நீக்கியதையும் அப்பிள்ளைகள் முதுமையை நெருங்கும் காலத்தில் வெளியே சொல்லத் துணிந்தனர். கடிதம் எழுதும் நாள் என்னும் இனிய மரபு அவ்வில்லங்களில் உண்மையை மறைக்கும் வழியாயிற்று. ஆறு வாரமும் நலமாயிருந்த பிள்ளைகளும் உண்டு என்பதை மறுக்கவியலாது. ஆனால் நலமில்லாத பிள்ளைக்கு முறையிட அங்கே ஒருவரும் இல்லை. தராசில் எடை கூடியிருந்ததால், ஊர் திரும்பியபோது பெற்றோரும் நன்றி கூறினர்.

இவ்வாறு பாதிக்கப்பட்டோர் 2019ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் வடகடலிலுள்ள சில்ட் தீவில் முதன்முறையாக ஒன்றுகூடினர். அத்தீவும் ஒரு காலத்தில் பிள்ளைகள் அனுப்பப்பட்ட இடமே. அதன்பின் திருச்சபைகளின் சமூகப்பணி நிறுவனங்கள் சில தம் பழைய கோப்புகளைத் திறந்து, ஆய்வாளர்களைக் கொண்டு அவற்றை ஆராயச் செய்துள்ளன.