சந்தை கைவிட்ட குதிரை

இங்கிலாந்தில் குதிரைப் பந்தயம் பிரபுக்களின் பொழுதுபோக்காக மட்டும் இருந்த நாளில், இரண்டு கனவான்கள் தத்தம் குதிரையின் மேல் பணயம் கட்டி ஓடவிட்டுப் பார்ப்பதோடு காரியம் முடிந்துவிடும். 18-ஆம் நூற்றாண்டு முடியும் தறுவாயில், ஓடவிருக்கும் ஒவ்வொரு குதிரைக்கும் தனித்தனியே ஒரு விகிதம் கூறி, யார் எதன்மேல் கட்டினாலும் ஏற்றுக்கொள்ளும் புக்மேக்கர் தொழில் நியூமார்க்கெட்டில் தலையெடுத்த பிறகுதான் பந்தயத்துக்கென்று ஒரு சந்தை உண்டாயிற்று. லண்டனில் டாட்டர்சால் குதிரை ஏலசாலையைச் சார்ந்த மண்டபமே அச்சந்தையின் தலைமைப் பீடம். டெர்பி போன்ற பெரும் பந்தயங்களுக்குப் பல மாதங்கள் இருக்கும்போதே அங்கே கொடுக்கல் வாங்கல் தொடங்கிவிடும். பயிற்சி வெளிகளில் மறைந்து நின்று குதிரைகளின் ஓட்டத்தை வேவு பார்த்து எழுதியனுப்புவதையே ஜீவனோபாயமாகக் கொண்டவர்கள் பலர் இருந்தார்கள். ஒரு குதிரை நொண்டிற்று என்று அவர்களில் ஒருவன் எழுதிவிட்டால், நேற்று ஒரு பவுனுக்கு ஆறு பவுன் தருவதாகச் சொன்னவர் இன்று பன்னிரண்டு தருவதாகக் கூவுவார். அந்தக் கூவலைக் கேட்டே வேறு பத்துப்பேர், குதிரையைக் கண்ணால் காணாமலே, அதைக் கைவிடுவார்கள்.

இவ்வாறு சந்தை ஏமாந்த சரித்திரங்களில் பலரும் எடுத்துச் சொல்வது, 1836-இல் டான்காஸ்டரில் நடந்த செயின்ட் லெஜர் பந்தயம். அக்காலத்தில் குதிரைகள் பந்தய ஊருக்கு நடந்தே போகவேண்டும். ஆகையால், பந்தயத்துக்குச் சில நாட்களே இருக்கையில் எலிஸ் என்னும் குதிரை இன்னும் தென் இங்கிலாந்திலேயே இருக்கிறது என்று தெரிந்ததும், இனி அது போய்ச் சேருவதாவது என்று சந்தை தீர்மானித்துவிட்டது. அதன்மேல் பணம் கட்டியிருந்த ஜார்ஜ் பென்டிங்க் பிரபுவோ, குதிரைகள் இழுக்கும் ஒரு பெரிய வண்டியைச் செய்வித்து, எலிஸை அதில் ஏற்றி அனுப்பி, அலுப்பில்லாமல் கொண்டுபோய் இறக்கிப் பந்தயத்தையும் வென்றார். சாமர்த்தியந்தான், சந்தேகமில்லை, ஆனால் இதைச் சுயபுத்தியின் வெற்றி என்று புகழ்வோருடன் எனக்கு உடன்பாடில்லை. பென்டிங்கிடம் இருந்தது பிறருக்குத் தெரியாத ஒரு ரகசியம். ரகசியம் கையிலிருப்பவனுக்குச் சந்தையை மறுத்து நிற்பதில் சிரமம் என்ன?

எல்லாரும் அறிந்த செய்தியையே தானும் அறிந்து, அதிலிருந்து வேறொரு முடிவுக்கு வருவதுதான் அரிது. அதற்கு 1867-ஆம் ஆண்டின் டெர்பியைப் பார்க்கவேண்டும்.

ஹென்றி சாப்ளின் என்னும் இளம் செல்வர், காப்டன் மாஷெல் என்ற முன்னாள் ராணுவ அதிகாரியின் ஆலோசனையின்படி, ஹெர்மிட் என்ற குதிரையைக் குட்டியாக 1000 கினிக்கு வாங்கியிருந்தார். அதற்கு முன்பே, 1864-இல், சாப்ளினுக்கு நிச்சயிக்கப்பட்டிருந்த பிளாரென்ஸ் பாஜெட் சீமாட்டி, ஆக்ஸ்போர்டு வீதியில் ஒரு ஜவுளிக்கடைக்குள் ஒரு வாசலால் நுழைந்து, வேறு வாசலால் வெளியேறி, ஹேஸ்டிங்ஸ் பிரபுவை மணந்துகொண்டதை லண்டன் முழுதும் வாய் ஓயாமல் பேசியிருந்தது. அந்த ஹேஸ்டிங்ஸ், ஹெர்மிட் தோற்கும் என்று பெருந்தொகைகளை ஏற்றுக்கொண்டே போனார். பகைவனது குதிரை என்பதைத் தவிர அதன்மேல் அவருக்கு வேறு அபிப்பிராயம் இருந்ததாகத் தோன்றவில்லை.

டெர்பிக்குச் சுமார் பத்து நாட்கள் இருக்கையில், நியூமார்க்கெட்டில் ஓட்டப் பயிற்சியின்போது ஹெர்மிட்டின் ரத்தக் குழாய் ஒன்று வெடித்து, மூக்கிலிருந்து ரத்தம் வடிந்தது. செய்தி லண்டனை எட்டியதும், 15 பவுனுக்கு 1000 பவுன் தருவதாகச் சொல்லியும் கேட்பாரில்லை என்னும் நிலை வந்தது. முதலில் பேசப்பட்டிருந்த ஜாக்கியான கஸ்டன்ஸையும் வேறு குதிரைக்கு விட்டுக்கொடுத்தார்கள். சொந்தக்காரராகிய சாப்ளினே குதிரையை விலக்கிக்கொள்ளும் மனநிலையில் இருந்தார். மாஷெல் ஒருவர்தாம் பொறுத்திருக்கச் சொன்னார். அவர் கண்டதில் மர்மம் ஒன்றுமில்லை: குதிரை நடந்தது, மெல்ல ஓடியது, மறுபடி ரத்தம் வரவில்லை. சந்தை முதல் நாளின் செய்தியையே கையில் வைத்துக்கொண்டு கூவிக்கொண்டிருக்க, அவர் அன்றன்றைய குதிரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். முன்னதற்குத் தந்தி போதும். பின்னதற்கு விடியற்காலையில் லாயத்துக்குப் போகவேண்டும்.

டெர்பி நடக்கும் எப்ஸமில், மே 22-ஆம் தேதி, மே மாதத்தில் நம்பமுடியாதபடி, பனி தூவியது. முப்பது குதிரைகள் நின்றன. பத்துத் தடவை புறப்பாடு பிழைத்து, மறுபடியும் அவற்றை அணிவகுக்க வேண்டியதாயிற்று. குளிரில் நடுங்கிக்கொண்டிருந்த ஹெர்மிட்டைப் பார்த்தவர்கள் சந்தையின் தீர்ப்பை மெச்சிக்கொண்டிருப்பார்கள். கடைசியில் ஓட்டம் தொடங்கி, எல்லாராலும் விரும்பப்பட்ட வாபன் தளர்ந்து மூன்றாவதாக நிற்க, ஜானி டேலி என்னும் ஜாக்கி ஏறிய ஹெர்மிட், முன்னே சென்ற மார்க்ஸ்மனைக் கடைசி அடிகளில் எட்டிப் பிடித்து ஒரு கழுத்தளவில் வென்றது. (அதே டேலி இரண்டு நாள் கழித்து ஓக்ஸ் பந்தயத்தையும் வென்றார், மனிதருக்கு அப்படியும் ஒரு வாரம் வாய்க்கிறது.) ஹேஸ்டிங்ஸ் இழந்தது சுமார் 1,20,000 பவுன். ஸ்காட்லாந்திலிருந்த பரம்பரை நிலத்தை விற்றும் கடன் தீராமல், அடுத்த ஆண்டு நவம்பரில் தம் 26-ஆம் வயதில் அவர் இறந்தார்.

மாஷெலின் திடசித்தத்தைப் புகழும்போது ஒன்றை மறைத்துவிடலாகாது. அன்று எப்ஸமில் தோற்ற 29 குதிரைகளுக்கும் சொந்தக்காரர்கள் இருந்தார்கள். அவர்களில் பலரும் சந்தையைவிடத் தம் கண்ணையே நம்பி வந்தவர்கள்தாம். ரத்தம் கக்கிய குதிரைகளில் மிகப் பல, சந்தை சொன்னபடியே தோற்கின்றன. அவற்றின் பெயரை எவரும் எழுதிவைப்பதில்லை. ஹேஸ்டிங்ஸும் ஒருவகையில் தம் எண்ணத்தையே பற்றி நின்றவர். ஆனால் அவர் எண்ணம் குதிரையைப் பற்றியதன்று, சாப்ளினைப் பற்றியது. ஹெர்மிட் ரத்தம் கக்கிய நாளில் அவர் துவேஷமும் சந்தையின் பயமும் ஒரே பக்கம் சேர்ந்துவிட்டபடியால், தம் கணக்கை மறுபடி பார்க்க அவருக்குக் காரணமே இல்லாமற் போயிற்று. மாஷெலுக்கோ, எல்லாரும் எதிர்ப்பக்கம் இருந்த ஒரே காரணத்தால், தினந்தோறும் லாயத்துக்குப் போய்த் தம் கணக்கைப் புதிதாகச் சரிபார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது.

ஹெர்மிட் பிறகு பொலிகுதிரையாக வைக்கப்பட்டது. 1880 முதல் 1886 வரை ஏழு ஆண்டுகள் இடைவிடாமல், இங்கிலாந்தின் பந்தயங்களில் அதிகப் பரிசுப் பணம் ஈட்டியவை அதன் சந்ததிகளே.