நம் லயங்களில் நடமாடிய புத்தகங்கள்



பரிசளிப்பு விழா என்றால் பிள்ளைகளின் கைக்கு வருவது பெரும்பாலும் புத்தகம்தான். மேடையேறி வாங்கிக்கொண்டு இறங்கும்போது அந்த முகத்தில்தான் எத்தனை பூரிப்பு! வீட்டுக்குப் போன பிறகு அந்தப் புத்தகம் என்ன ஆகிறது? பல வீடுகளில் கண்ணாடி அலமாரிக்குள் போய்விடுகிறது. "அழுக்காயிடும், தொடாதே" என்று அம்மா பூட்டி வைத்துவிடுகிறார். அதுவும் ஒரு மரியாதைதான். ஆனால் நம் முன்னோர் புத்தகத்துக்குக் காட்டிய மரியாதை வேறு விதம். ஒரே புத்தகத்தை லயம் லயமாகக் கை மாற்றி, அட்டை பிய்ந்து நூல் தெரியும்வரை படித்தார்கள். எந்தப் புத்தகங்களை அப்படி நேசித்தார்கள், ஏன் நேசித்தார்கள் என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒருவர் படிக்க, பத்துப் பேர் கேட்க

1885இல் வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் இந்த மலைப்பகுதியை அளந்து சென்றார். தாப்பாவிலிருந்து மேலே வரும் சாலை 1931இல்தான் முடிந்தது. அதற்குச் சற்று முன்பு, 1929இல், ஜே.ஏ. ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கியிருந்தார். காட்டை அழித்துக் கன்று நட்டவர்களில் நம்மவர்கள் பலர். கூலிகளைத் திரட்டி அனுப்பும் முறையை 1938இல் இந்திய அரசாங்கம் நிறுத்தியது. ஆக, கங்காணி காலத்தின் கடைசிப் பத்தாண்டுகளில்தான் இங்கே தேயிலை வேர் பிடித்தது.

அப்படி வந்தவர்களில் எழுத்தறிந்தவர்கள் சிலரே. ஆனாலும் கப்பலேறி வந்த தகரப் பெட்டிகளில் வேட்டி சேலையோடு சில புத்தகங்களும் வந்தன. அவைதான் 'பெரிய எழுத்து'ப் புத்தகங்கள். சென்னையில் இரத்தின நாயகர் முதலிய பதிப்பாளர்கள் மலிவு விலையில் அச்சிட்டவை. நல்லதங்காள் கதை, அல்லி அரசாணி மாலை, பவளக்கொடி மாலை, தேசிங்குராஜன் கதை, விக்கிரமாதித்தன் கதை என்று பட்டியல் நீளும். எழுத்துக் கூட்டிப் படிப்பவருக்கும், சிம்னி விளக்கு வெளிச்சத்தில் படிப்பவருக்கும் ஏற்றபடி எழுத்துகள் பெரிதாக இருந்ததால்தான் அந்தப் பெயர்.

இவற்றை யாரும் மனசுக்குள் படிப்பதில்லை. ராகம் போட்டுப் பாடுவார்கள். பாட்டுக் கட்டில் அமைந்த கதைகள் ஆதலால், படித்தவர் ஒருவர் இருந்தால் போதும். கேட்டவர்கள் அத்தனை பேரும் வாசகர்களே. நாலு தடவை கேட்ட பாட்டிக்கு முழுக்கதையும் மனப்பாடமாகிவிடும். படிப்பவர் ஒரு வரியை விட்டுவிட்டால், "ஏய், அங்க ஒண்ணு விட்டுட்டியே!" என்று திருத்துபவர் எழுத்தே தெரியாத பாட்டியாக இருப்பார்.

அதிலும் நல்லதங்காள் கதைக்கு ஏன் அவ்வளவு கண்ணீர்? பஞ்சத்தில் ஏழு பிள்ளைகளோடு அண்ணன் வீட்டுக்கு வருகிறாள் ஒரு பெண். அண்ணி மூளி அலங்காரி அவளுக்குச் சோறு போட மனமில்லாமல் அவமானப்படுத்துகிறாள். பிள்ளைகளைக் கிணற்றில் போட்டுத் தானும் விழுகிறாள். நம் லயத்துக்காரர்களுக்கு இது வெறும் கதையில்லை. 1876 முதல் 1878 வரை தமிழ்நாட்டை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்தைப் பற்றிப் பெற்றோர் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் அவர்கள். பசிக்காக ஊரை விட்டவர்கள். 'சொந்த அண்ணன் வீட்டிலும் சோறில்லை' என்ற வரியில் தங்கள் குடும்பத்தையே கண்டார்கள். தன் துக்கத்தைத் தானே சொல்லி அழ முடியாதவருக்கு, புத்தகம் அழுவதற்கு ஓர் இடம் தந்தது.

வாரந்தோறும் காத்திருந்த கதை

1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பத்துப் பிள்ளைகளுக்கு மேல் உள்ள தோட்டங்களில் பள்ளிக்கூடம் வேண்டும் என்றது. பல இடங்களில் அது ஒற்றை அறைதான். ஆனாலும் அந்த ஒற்றை அறையிலிருந்து வாசிக்கத் தெரிந்த ஒரு தலைமுறை வெளியே வந்தது. அவர்களுக்குத் 'தமிழ் நேசன்' (1924), 'தமிழ் முரசு' (1935) ஆகிய நாளிதழ்கள் இருந்தன. தமிழ்நாட்டு வார இதழ்களும் கப்பலில் வந்தன.

கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை வார இதழில் தொடராக வந்தது. ஐந்து பாகம் கொண்ட அந்தக் கதையை இன்றுவரை ஏன் விடாமல் படிக்கிறார்கள்? ஒன்று, ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்ற முடிச்சு. இன்னொன்று, அதைவிட முக்கியம்: நாள் முழுக்க "கூலி" என்ற சொல்லைக் கேட்டவனுக்கு, தன் மொழி பேசியவர்கள் கப்பற்படை வைத்திருந்தார்கள் என்று அது சொன்னது. அகிலனின் 'வேங்கையின் மைந்தன்' இராஜேந்திர சோழனின் கதை. 1963இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றது. இராஜேந்திரன் 1025ஆம் ஆண்டு வாக்கில் படை அனுப்பிய கடாரம், நம் நாட்டுக் கெடாதானே! கதையில் வரும் ஊர் நம் பக்கத்திலேயே இருக்கிறது என்றால் பிள்ளைகளுக்குச் சொல்லவா வேண்டும்?

சிறுவர்களுக்கு 1947இல் தொடங்கிய 'அம்புலிமாமா' இருந்தது. முருங்கை மரம், தோளில் வேதாளம், வாள் ஏந்திய விக்கிரமாதித்தன். ஓவியர் சங்கர் வரைந்த அந்தப் படத்தை மறந்தவர் உண்டா? பாட்டி பெரிய எழுத்தில் கேட்ட அதே விக்கிரமாதித்தன், பேரனிடம் வண்ணப் படத்தோடு வந்தான். பாட்டியும் பேரனும் சேர்ந்து பேச ஒரு பொதுக்கதை கிடைத்தது. அந்த இதழ் இப்போது வருவதில்லை; ஆனால் வேதாளத்தின் கேள்வி மட்டும் மனத்தை விட்டுப் போகவில்லை.

நம்மைப் பற்றிய புத்தகங்கள்

ராஜா கதை போதும், நம் கதை எங்கே என்ற கேள்வியும் எழுந்தது. தேயிலைக் காட்டுத் தமிழரைப் பற்றி முதலில் எழுதியவர்களுள் புதுமைப்பித்தன் ஒருவர். அவருடைய 'துன்பக்கேணி' இலங்கைத் தோட்டத்துக் கதை. வால்பாறைப் பக்கம் தேயிலைத் தோட்டங்களில் மருத்துவராக இருந்த பி.எச். டேனியல், 1969இல் 'ரெட் டீ' என்ற நாவலை ஆங்கிலத்தில் எழுதினார். இரா. முருகவேள் அதைத் தமிழில் 'எரியும் பனிக்காடு' என்று 2007இல் தந்தார். மேஸ்திரியின் ஆசை வார்த்தையை நம்பி மலையேறி, முன்பணக் கடனில் சிக்கிக்கொள்ளும் கருப்பனும் வள்ளியும் நமக்கு அந்நியர்களா? குளிர், அட்டை, காய்ச்சல், கொழுந்துக் கூடை எல்லாம் நமக்குத் தெரிந்தவைதான்.

நம் நாட்டைப் பற்றி அகிலன் எழுதியது 'பால்மரக்காட்டினிலே'. 1942, 1943இல் ஜப்பானியர் நம்மவர்களை ரயில் பாதை போடக் கொண்டுபோன கொடுமையை, ஆர். சண்முகம் 'சயாம் மரண ரயில்' நாவலிலும், அ. ரெங்கசாமி 'நினைவுச்சின்னம்' நாவலிலும் எழுதினார்கள். 415 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதையில் மாண்ட நம் தோட்டத் தொழிலாளர்களில் பலருக்குக் கல்லறையும் இல்லை, பெயர்ப் பலகையும் இல்லை. அந்தப் புத்தகங்கள்தான் அவர்களுக்குக் கல்லறை. "எங்க தாத்தா சயாமுக்குப் போனவர், திரும்பி வரலை" என்று ஒற்றை வரியில் முடிந்துபோன குடும்பக் கதைக்கு, அங்கே மீதி வரிகள் கிடைத்தன.

ஒரு வெள்ளி

இன்னொரு சேதியையும் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும். 1950களில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய இயல் துறை அமைந்தபோது, அதில் தமிழுக்கு உரிய இடம் வேண்டும் என்று 'தமிழ் முரசு' ஆசிரியர் கோ. சாரங்கபாணி வாதாடினார். 'தமிழ் எங்கள் உயிர்' என்று நிதி திரட்டி, ஆளுக்கு ஒரு வெள்ளி கேட்டார். எளிய உழைப்பாளிகள் கொடுத்தார்கள். பல்கலைக்கழக வாசலை மிதித்தே இராதவர்கள், தாங்கள் படிக்கப் போகாத நூலகத்தில் தமிழ் நூல்கள் இருக்க வேண்டும் என்று கொடுத்தார்கள். 'என் பிள்ளை இல்லாவிட்டாலும் எவன் பிள்ளையாவது படிக்கட்டும்' என்ற மனசு அது. புத்தகத்தை நேசிப்பது என்றால் இதுதான்.

இனி நம் வேலை

பாட்டிக்குப் பிடித்த புத்தகம் அழ வைத்தது. அப்பாவுக்குப் பிடித்தது நிமிர வைத்தது. அதன்பின் வந்தது நம்மையே நமக்குக் காட்டியது. ஆனால் இந்தக் கேமரன் மலைச் சரிவில் கூடை சுமந்தவர்களின் கதை இன்னும் எழுதப்பட வேண்டியது ஏராளம். தெரிந்த பெரியவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் போனால் அந்தப் பக்கமும் போச்சு.

ஆகவே மாணவச் செல்வங்களே! இன்று வாங்கிய பரிசுப் புத்தகத்தை அலமாரியில் வைக்காதீர்கள். இன்று ராத்திரியே பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து நாலு பக்கம் உரக்கப் படியுங்கள். படித்து முடித்ததும், "பாட்டி, இப்ப நீங்க ஒரு கதை சொல்லுங்க" என்று கேளுங்கள். சொல்வதை ஒரு நோட்டில் எழுதுங்கள். எழுத்துப் பிழை வந்தால் ஆசிரியர்கள் நாங்கள் திருத்தித் தருகிறோம். பெற்றோர்களே, அலமாரிச் சாவியைப் பிள்ளையிடம் கொடுத்துவிடுங்கள். புத்தகம் அழுக்கானால் ஆகட்டும்!