எண்ணெயும் நீரும்

ஊவா மாகாணத்து மடுல்சீமையின் பெயர் தாவரவியல் வரலாற்றில் நிலைபெற்றுள்ளது. இலங்கையின் கோப்பித் தோட்டங்களை அழித்த இலைத்துரு நோய் 1869ஆம் ஆண்டில் முதன்முதல் காணப்பெற்றது அம்மலைச் சாரலிலேயே. கோப்பி வீழ்ந்தது, தேயிலை எழுந்தது. இவை ஏடேறின. ஆயின் அத்தோட்டங்களில் உழைக்கத் தமிழகத்தினின்று வந்த மக்களின் தொழிலறிவோ பெரிதும் ஏடேறவில்லை. அவ்வறிவுள் ஒன்றை ஈண்டு நோக்குவாம்.

தமிழகச் சிற்றூர்ப் பெண்டிர் விளக்கெண்ணெய் காய்ச்சும் முறையே அது. ஆமணக்கு முத்தை வறுத்து, உரலில் இடித்து, நீரிலிட்டுக் கொதிக்க வைப்பர். எண்ணெய் மேலே மிதக்கும். அதனை அகப்பையால் முகந்து வேறொரு கலத்திற் காய்ச்சுவர். சடசடப்பு அடங்கின், நீர் அற்றது என்பது குறிப்பு.

இதற்கு வெப்பம் வேண்டுவது ஏன்? விளக்கெண்ணெயின் அடர்த்தி நீரின் அடர்த்தியில் நூற்றுக்கு ஏறத்தாழ 96 பங்காம். வேற்றுமை சிறிது; பிசுபிசுப்போ பெரிது. ஆதலின் குளிர்ந்த நிலையில் இரண்டும் எளிதிற் பிரியா. சூடேறின் எண்ணெய் இளகும். நீர்த்துளிகள் விரைந்து கீழிறங்கும். துளியின் பருமனும் அடர்த்தி வேற்றுமையும் மிகுந்தால் வேகம் மிகும், பிசுபிசுப்பு மிகுந்தால் வேகம் குறையும் என்னும் விதியை ஸ்டோக்ஸ் என்னும் அறிஞர் 1851இல் கணிதமாக வகுத்தார்.

எண்ணெய் வயல்களை ஆள்வதும் அவ்விதியே. கச்சா எண்ணெய் பெரும்பாலும் உப்புநீரோடு கலந்தே வெளிவரும். நிலத்தின்மேல் நிறுத்திய இரும்புத் தொட்டிகளில் அதனைத் தேக்கி, உள்ளமைந்த குழாய்களில் நீராவி செலுத்திச் சூடாக்குவர். அடியிற் படியும் நீரைக் கீழ்க்குழாயால் வடித்து, எண்ணெயை மேலிருந்து எடுப்பர். உப்புநீர் எஞ்சின் சுத்திகரிப்பு ஆலையின் கலங்கள் அரிக்கப்படும். அஸ்ஸாமின் தேயிலை நாட்டிடையே 1889இல் எண்ணெய் கண்ட டிக்பாயில் 1901இல் சுத்திகரிப்பு ஆலை எழுந்தது. மேல் அஸ்ஸாமின் எண்ணெய் மெழுகு மிக்கது. குளிரில் உறையும் இயல்பினது. எனவே அதனைக் கையாள வெப்பம் இன்றியமையாததாயிற்று.

பொறியியலார் நம் பெண்டிரிடம் கற்றனர் என்பது எம் கருத்தன்று. இருவரும் ஒரே இயற்கை நெறியைக் கண்டனர் என்பதே கருத்து. எனினும் தொட்டிக்கு வரலாறு உண்டு, பானைக்கு இல்லை. கடையில் புட்டி எண்ணெய் வந்தபின் காய்ச்சும் கைகளும் அருகின. மலையகத்து மாணவர் தத்தம் அப்பாயி, அம்மாயியரிடம் அம்முறையைக் கேட்டு எழுதிவைப்பாராயின், கோப்பியின் நோயை நினைவிற் கொண்ட வரலாறு மக்களின் அறிவையும் நினைவிற் கொள்ளும்.